மாட்டு டாக்டரின் அலுமினியக் கார்

ஜனவரி 17, வெள்ளி

இரும்பு வார்க்கிற பவுண்டரிக்காரர்கள் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. இரண்டு வாரம் அரிசி டப்பா மேல் கிடந்தது. "உங்க வாய்க்கு ஒரு நாளைக்கு ஒரு பக்கம் எங்கீங்க பத்தும்?" என்றாள் தெய்வானை. என் சம்சாரம். "எழுதறதுக்கு வாய் எதுக்கு, கை இருந்தாப் போதும்" என்றேன். "அஞ்சாவது படிச்ச கை" என்றாள். இப்படிச் சொன்ன பிறகு எழுதாமல் விட முடியுமா?

முதல் பக்கத்தில் நிரப்பச் சொல்லிக் கட்டம் போட்டிருந்தது. பெயர்: சென்னியப்பன். தொழில்: கோவை கணபதியில் பாலிஷ் பட்டறை. வயது: ஐம்பத்தொன்று. ரத்த வகை: சிவப்பு. அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர்: நூற்றியெட்டு.

பொங்கல் லீவு முடிந்து இன்றைக்குத்தான் பட்டறை திறந்தேன். முதல் ஆளாக ஒரு மாட்டு டாக்டர் வந்து நின்றார். பெயர் புவனேந்திரன், அன்னூர் ரோட்டில் தோட்டம். கையில் பெரிய அலுமினியப் பெட்டி.

"என்னுங்க டாக்டர், மாட்டுக்கு டிபன் பாக்ஸுங்களா?"

"பெட்ரோல் டேங்க்" என்றார், சிரிக்காமல்.

அரசாங்க வேலையில் ரிட்டையர் ஆகி மூன்று வருடமாகக் காலி மாட்டுக் கொட்டகையில் ஒரு கார் கட்டிக்கொண்டிருக்கிறாராம். ரேஸ் கார், ஒரே ஆள்தான் உட்காரலாம். விற்பதற்கு இல்லை, ஆசைக்கு. உடம்பெல்லாம் அலுமினியம். அதையெல்லாம் நான் பளபளப்பாக்கித் தர வேண்டும். யார் ஓட்டுவார்கள் என்று கேட்டேன். "வீட்லதான்" என்றார்.

அதாவது அவர் மனைவி. வத்சலா அம்மா. பாங்க் மேனேஜராக இருந்தவர். வயது அறுபது! என் தெய்வானை என் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்தாலே முருகனைக் கூப்பிடுவாள்.

டேங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூலையெல்லாம் ஆர்கான் வெல்டிங். மரவட்டை முதுகு மாதிரி வரி வரியாக, ஒரு வரி கூட முன்னே பின்னே இல்லாமல் ஓடியிருந்தது. யார் போட்டது என்று கேட்டேன். ஜெசிந்தா என்று ஒரு பொண்ணாம். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. ஒட்டு தெரியக் கூடாது. ஓட்டல் மேசையோ மாடிப்படிக் கைப்பிடியோ, இரண்டு துண்டு எங்கே சேர்ந்தது என்று வீட்டுக்காரர் விரலால் தேடிப் பார்த்துத் தோற்க வேண்டும். முப்பது வருடமாக என்னிடம் எல்லாரும் தோற்றுத்தான் போகிறார்கள்.

ஜனவரி 20, திங்கள்

தோட்டத்துக்குப் போய் அந்தக் காரைப் பார்த்துவிட்டு வந்தேன். சோறு இறங்கவில்லை. நல்ல விதமாகத்தான்.

கொட்டகையில் தொட்டிகள் அப்படியே இருக்கின்றன. பத்து மாடு கட்டுகிற இடத்தில் நடுவில் ஒரு கார். இரும்புக் குழாயில் எலும்புக்கூடு, மேலே அலுமினியத் தகடு பாதிக்குப் போர்த்தியிருக்கிறது. மூக்கு மட்டும் முழுசாக முடிந்து, கன்றுக்குட்டி மடி முட்டுகிற மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த வளைவைக் கையால் தட்டித் தட்டியே எடுத்தாராம் டாக்டர். மாட்டு வயிற்றைத் தடவிப் பார்த்த கை, தகட்டில் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று அதற்குத் தெரிகிறது.

ஜெசிந்தா அங்கேதான் இருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். பால் டேங்க் செய்கிற கம்பெனியில் பன்னிரண்டு வருடம் வெல்டர், இப்போது தனியாகச் செய்கிறாள். "ஏனம்மிணி, இத்தன நாளு பாலு ஒழுகாம பாத்துட்டு, இப்ப பெட்ரோல் ஒழுகாம பாக்கறயாக்கும்?" என்றேன்.

"ஆமாங்ணா. உங்க வாயி ஒழுகறதுக்குத்தான் ஒட்டற ராடு இல்லீங்" என்றாள்.

பரவாயில்லை, ஆள் தேறும்.

"பாக்கறீங்களா?" என்று எனக்கு ஒரு முகமூடி கொடுத்தாள். மாட்டிக்கொண்டேன். பச்சை இருட்டு. ஜிர்ர்ரென்று மிஷின் பாடியது. நடுவில் ஒரு வெளிச்சம். நான் இரும்பு வெல்டிங் ஆயிரம் பார்த்திருக்கிறேன். இரும்பு நல்ல மனுசன். சிவப்பான், ஆரஞ்சாவான், வரேன் வரேன் என்று சொல்லிவிட்டுத்தான் உருகுவான். அலுமினியம் ஒன்றும் சொல்லாது. சிவக்கவே சிவக்காது. வெள்ளையாகவே இருக்கும், இருக்கும், கொஞ்சம் அசந்தால் தொப்பென்று கீழே விழுந்து தரையில் கிடக்கும். அது உருகப் போகிற நொடி ஜெசிந்தாவுக்கு மட்டும் எப்படித் தெரிகிறதென்று எனக்கு விளங்கவில்லை. மங்கலான தகட்டின் மேல் தோல் விலகியது. உள்ளே பாதரசம் மாதிரி ஒரு சொட்டு, உயிரோடு ஆடிக்கொண்டு. அதன் ஓரத்தில் ராடை, அந்த ஒட்டுக் கம்பியை, ஒரு தொடு தொட்டாள். சொட்டு அதை விழுங்கிவிட்டு ஒரு நூல் அளவு நகர்ந்தது. மறுபடி ஒரு தொடு. ஒரு நூல்.

முகமூடியைக் கழற்றின பிறகும் நான் பேசவில்லை. "என்னாச்சுங்ணா?" என்றாள். "கரண்டு போயிருச்சு" என்று வாயைக் காட்டினேன்.

ஜனவரி 21, செவ்வாய்

டேங்க் பாலிஷ். தும்மினால் கருப்பு, துப்பினால் கருப்பு. தெய்வானை என்னைச் சமையலறைக்குள் விடவில்லை.

ஜனவரி 29, புதன்

மூக்குத் தகடு என் பட்டறைக்கு வந்து நான்கு நாள். அலுமினியம் ரொம்பச் செல்லப் பிள்ளை. எவர்சில்வரை அமுக்குகிற மாதிரி பஃப் துணிச் சக்கரத்தில் அமுக்கினால் சூடேறி அலை அலையாகிவிடுகிறது. துடைக்கிற துணியில் ஒரு மணல் இருந்தாலும் கோடு விழுகிறது. என் பழைய பனியன் இரண்டு இதற்கே செலவு. ஆனால் கடைசியாகப் பாலிஷ் சோப்புப் போட்டுத் துடைத்தபோது எதிர்வீட்டு வேப்பமரம் முழுசாக அதற்குள் வந்து நின்றது. இலைகூட எண்ணலாம். நான் செய்ததுதானா என்று எனக்கே சந்தேகம்.

இன்றைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வத்சலா அம்மாவை முதல் தடவையாகப் பார்த்தேன். ஒல்லி உருவம், வெள்ளை முடி, காலில் கேன்வாஸ் ஷூ. மூக்குக்கு முன்னால் குனிந்தார். ஆகா, சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். காதோரம் முடியை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்துவிட்டார். என் நாலு நாள் வேலை சீப்புக்குப் பக்கத்தில் வைக்கிற கண்ணாடி!

பிறகு உள்பக்கம் ஜெசிந்தாவின் வெல்டு வரியை விரலால் தடவினார். ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும். "ஜெசிந்தா, இதைத் தொட்டுக்கிட்டே இருக்கலாம் போல இருக்கும்மா" என்றார்.

எனக்கென்ன, நன்றாக இருப்பதை நன்றாக இருக்கிறது என்றுதானே சொல்வார்கள்.

அப்புறம் ஒரு கூத்து. அடுத்த தகட்டில் அழுக்கு இருந்ததென்று பக்கத்தில் கிடந்த கம்பி பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்தேன். ஜெசிந்தா பறந்து வந்து பிடுங்கினாள். "அது இரும்பு தேய்ச்ச பிரஷ்ஷுங்ணா! இரும்புத் தூசி அலுமினியத்துல ஏறுச்சுன்னா வெல்டு பூராம் பொக்கு பொக்கா வரும். இது வேற, அது வேற. ஒட்டுக்கா வெக்கக் கூடாது." டாக்டருக்கு முன்னால் சொல்லிவிட்டாள். "செரி, மடி ஆசாரம் பாக்கற பிரஷ்ஷுன்னு எனக்கெப்படித் தெரியும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

பிப்ரவரி 6, வியாழன்

ஜெசிந்தா பிரேக் பெடலைக் கொண்டுவந்து கொடுத்தாள். தடித்த தகட்டில் அறுத்த ஒரு சாண் நீள அலுமினியத் தண்டு. மேலே கால் மிதிக்கிற தட்டு. அடியில் ஒரு குழாய், அதில்தான் பெடல் ஆடும். தண்டும் குழாயும் சேருகிற மூலையைச் சுற்றி அவளுடைய மரவட்டை.

"இதுக்குப் பாலிஷ் வேண்டாமுங்ணா. தொடைச்சு டாக்டர்கிட்டக் குடுத்தாப் போதும். வெல்டுல கை வெக்காதீங்க" என்றாள். ஈரோட்டுப் பக்கம் ஒரு பால் பண்ணையில் அவளுக்குப் பத்து நாள் வேலை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினாள்.

எனக்குப் புரியாதா? ஓட்டுகிற அம்மா குனிந்தால் கண்ணில் படுகிற இடம். அங்கே தன் கையெழுத்து இருக்க வேண்டுமென்று ஆசை. இருக்கட்டும், அவளுக்கும் வயசு அப்படி. ஆனால் என் பட்டறையிலிருந்து ஒட்டுத் தெரிகிற சாமான் ஒன்று வெளியே போனதில்லை.

உலோகம் தேய்க்கிற சின்ன கிரைண்டரை எடுத்தேன். மூலைக்குள் போகிற கூம்புக் கல். முக்கால் மணி நேரத்தில் மரவட்டை முழுசும் போய்விட்டது. மேலே, கீழே, இரண்டு பக்கமும். குழாயும் தண்டும் கத்தி வெட்டின மாதிரி மூலை பிடித்து நின்றன. எமரித் தாள் போட்டேன். பஃப் போட்டேன். ஒரே கட்டியில் வார்த்தெடுத்தது போல வந்துவிட்டது. விரலால் தேடினேன். நானே தோற்றேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

பெடலை டாக்டரிடம் கொடுத்தேன். "என்னங்க சென்னியப்பன், நகைக்கடையில வெக்கலாம் போல இருக்குது" என்றார். வத்சலா அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அம்மா தட்டைத் தடவி, தண்டைத் தடவி, மூலைக்கு வந்து நின்றார். "எங்கே சேர்ந்திருக்குன்னே தெரியலையே" என்றார்.

வரும் வழியெல்லாம் பாட்டு. மொபெட்டே கொஞ்சம் வேகமாகப் போன மாதிரி இருந்தது.

பிப்ரவரி 15, சனி

இன்ஜின் ஏற்றியாகிவிட்டது. இருபத்து மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ரேஸ் மைதானத்தில் வீட்டில் கட்டின வண்டிகளை ஓடவிடுகிறார்கள். ஆறு சுற்று. வத்சலா அம்மா பெயர் கொடுத்துவிட்டார். எனக்கும் பாஸ் உண்டாம். தெய்வானையிடம் சொன்னேன், "பாத்துக்க, அறுபது வயசுல ரேஸ்". "அந்தம்மா ஊட்டுக்காரர் காரு கட்டிக் குடுத்தாரு. நீங்க ஒரு கிரைண்டர் கட்டிக் குடுத்தீங்களா?" என்றாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஜெசிந்தா ஈரோட்டிலிருந்து வந்துவிட்டாள். பதினோரு மணி டீக்குப் பட்டறைக்கு வந்தாள். கையில் ஒரு உடைந்த அலுமினிய ஏணியின் படி. மறுபடி ஒட்டித் தரச் சொல்லி யாரோ கொடுத்திருக்கிறார்கள். பெயிண்டர் ஒருத்தர் அதிலிருந்து விழுந்து, இடுப்பில் பிளேட் வைத்துக் கிடக்கிறாராம்.

"வெல்டு மோசமா?" என்று கேட்டேன்.

"நல்ல வெல்டுதானுங்ணா. இங்க பாருங்க." மூலையைக் காட்டினாள். "ஏணிக்காரருக்குக் கரடுமுரடா இருந்தது புடிக்கலயாமா. மேல இருந்ததப் பூராம் ராவி வழவழன்னு பண்ணி வெச்சுட்டாரு."

"அது சும்மா மேல இருக்கற மேடுதான? உள்ளுக்குள்ள ஒட்டியிருக்கும்ல?"

"மூலைல அந்த மேடுதாங்ணா வெல்டே. உள்ளுக்குள்ள ரெண்டும் சும்மா முட்டிட்டுத்தான் நிக்கும். மேட்ட எடுத்துட்டா எதுதான் புடிக்கும்?"

"அடேங்கப்பா" என்றேன். இன்னும் ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்தேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை.

டீயில் இன்றைக்குச் சர்க்கரை கம்மி. கடைக்காரரிடம் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 19, புதன்

எவர்சில்வர் மேசை நான்கு. வெயில்.

பிப்ரவரி 20, வியாழன்

காலையில் மோட்டார் பெல்ட் மாற்றினேன். பஃப் துணி வந்தது. தண்ணீர் வரவில்லை. மதியம் கொள்ளுப் பருப்பு. கோயிலுக்குக் குத்துவிளக்கு இரண்டு. சாயங்காலம் ரேஷன் கடை, கூட்டம், திரும்பிவிட்டேன்.

ஏணி மெல்லிய குழாய். பெடல் தடித்த தகடு. இரண்டும் ஒன்றா? பெயிண்டர் எழுபது எண்பது கிலோ இருப்பார். வத்சலா அம்மா ஐம்பது கூட இருக்க மாட்டார். அதுவும் ஒரு காலால்தானே மிதிக்கப் போகிறார்.

"ஏனுங்க, வாய்க்குள்ள ஈ கீ பூந்துருச்சா? நேத்திருந்து ஒரு லொள்ளும் காணம்" என்றாள் தெய்வானை. பல்வலி என்றேன். கிராம்பு கொடுத்தாள். கடித்தேன். பல் நன்றாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 21, வெள்ளி

தோட்டத்தில் கார் ஓடியது.

இதை எப்படி எழுதுவது? கொட்டகைக்குள் இன்ஜின் பிடித்ததும் கூரைத் தகரத்திலிருந்து மூன்று வருடத் தூசி மொத்தமாக இறங்கியது. பக்கத்துத் தோட்டத்து மயில் ஒன்று பறந்தது. டாக்டர் கையில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார், தனக்குத் தெரியாமலே. வெள்ளை ஹெல்மெட் தொப்பிக்குள் வத்சலா அம்மாவின் கண் மட்டும் தெரிந்தது. தென்னை வரிசை நடுவில் மண் தடம். அதில் வெயில் பட்டு அந்த வண்டி வந்தபோது அதற்கென்று நிறமே இல்லை. தென்னை வந்தால் தென்னை, வானம் வந்தால் வானம். நான் தேய்த்த தகடு. இப்படியெல்லாம் நம்மால் ஒன்று நடக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

மெதுவாகத்தான் ஓட்டினார். மூன்று தடவை நிறுத்தினார். மூன்று தடவையும் நின்றது. நான் பார்த்தேன். பிரேக் பிடிக்கிறது. நின்றதா இல்லையா? நின்றது.

இறங்கினதும் கேட்டேன், "பிரேக்கு எப்படீங்கம்மா?"

"இன்னிக்கு விரல் வெச்ச மாதிரிதாங்க. நாளான்னிக்குத்தான் இருக்கு. நேர் ரோட்டுல நூத்தி நாப்பதுல வந்து வளைவுல நிறுத்தணும். நம்ம வீட்டு கார் மாதிரி இதுல பிரேக்குக்கு மிஷின் உதவி கிடையாது. எழுந்து நிக்கற மாதிரி மிதிக்கணும்." சிரித்துக்கொண்டே சொன்னார். "வளைவுக்கு அந்தப்பக்கம் டயர் அடுக்கி வெச்சிருக்காங்க, பயமில்லை."

டயருக்கு அந்தப் பக்கம் என்ன என்று நான் கேட்கவில்லை.

ஜெசிந்தா காருக்கு அந்தப்பக்கம் பெட்ரோல் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெடல் ஆழத்தில் இருக்கிறது. தலையைக் கீழே விட்டுப் பார்த்தால்தான் தெரியும். அவள் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 22, சனி

சொல்லிவிட்டேன்.

காலையில் எழுந்து குளித்து மொபெட்டை எடுத்தேன். ஒரு ஜோக்கோடு ஆரம்பித்தால் வாய் வரும் என்று அன்னூர் ரோடு முழுக்க யோசித்துக்கொண்டே போனேன். ஒன்றும் வரவில்லை. போனால், மூன்று பேரும் காருக்குத் துணி போர்த்திக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் வேன் வருகிறது.

"வாங்க சென்னியப்பன், ஒரு கை புடிங்க" என்றார் டாக்டர்.

"பெடல்ல வெல்டை எடுத்துட்டனுங்" என்றேன்.

டாக்டருக்குப் புரியவில்லை. "எடுத்துட்டன்னா?"

"வழவழன்னு இருக்கட்டும்னு மேட்டப் பூராம் ராவிட்டனுங்."

ஜெசிந்தா கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டாள். டார்ச் லைட்டை எடுத்தாள். தலைகீழாக வண்டிக்குள் போய்விட்டாள், இரண்டு கால் மட்டும் வெளியே. ரொம்ப நேரம் வரவில்லை. வந்தபோது முகமெல்லாம் ரத்தம் ஏறியிருந்தது.

"நாஞ்சொல்லீட்டுத்தானுங்ணா போனேன்? கை வெக்காதீங்கன்னு?"

"சொன்னே."

"செவ்வாக்கெழமை ஏணியக் காட்டுனனே. அன்னைக்கே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"நாலு நாளு!" டார்ச்சைத் தொட்டி மேல் வைத்தாள். "நாளைக்கு அம்மாவுக்கு ஒண்ணு ஆயிருந்தா ஊரு என்ன சொல்லும்? வெல்டு உட்டுப்போச்சும்பாங்க. ஜெசிந்தா போட்ட வெல்டு உட்டுப்போச்சு, அந்தம்மா போயிருச்சும்பாங்க. பாலிஷ் உட்டுப்போச்சுன்னு எவனாச்சும் சொல்லுவானாண்ணா? நான் சாகற வரைக்கும் என்ற கையப் பாத்துட்டு, நான் என்ன தப்புப் பண்ணுனேன், எங்க சூடு கம்மியாச்சுன்னு யோசிச்சுட்டே இருந்திருப்பேன். நீங்க டீ குடிச்சுட்டுப் பக்கத்துல நின்னு எனக்கு ஆறுதல் சொல்லியிருப்பீங்க. அப்படித்தான?"

அப்படித்தான். நான் அதையும் செய்திருப்பேன். நன்றாகவே செய்திருப்பேன்.

டாக்டர் ஏதோ சொல்ல வந்தார். "ஒருவேளை தாங்குமோ என்னமோ..." வத்சலா அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "கழட்டுங்க. பார்த்துடலாம்."

கன்றுக்குட்டி நிறுக்கிற தராசு ஒன்று டாக்டரிடம் இருக்கிறது, தொங்கவிடுகிற ஸ்பிரிங் தராசு. இருநூறு கிலோ வரைக்கும் முள் காட்டும். பெடல் குழாயை வைஸ் இடுக்கியில் கடிக்கவிட்டு, கால் மிதிக்கிற தட்டில் தராசைக் கொக்கி போட்டு மாட்டினோம். மறுமுனையில், பிரசவத்தில் கன்று இழுக்கிற கயிறு. டாக்டரும் ஜெசிந்தாவும் கயிற்றைப் பிடித்தார்கள். நான் பிடிக்கப் போனேன். "நீங்க முள்ளைப் படிங்க" என்றார் வத்சலா அம்மா.

"நேத்து நான் மிதிச்சது எவ்வளவு இருக்கும்?" என்று டாக்டரைக் கேட்டார்.

"முப்பது கிலோ."

"நாளைக்கு?"

"எண்பது. தொண்ணூறு."

இழுத்தார்கள். நான் படித்தேன். இருபது. முப்பது. நாற்பது. பெடல் கல் மாதிரி நின்றது. ஐம்பது. எனக்கு உள்ளே ஒரு கெட்ட சந்தோஷம், தாங்கிவிடும், தாங்கிவிடும் என்று. அறுபது என்று சொல்ல வாய் திறந்தேன்.

டக்.

அவ்வளவுதான் சத்தம். பென்சில் முனை உடைகிற சத்தம். கயிறு பிடித்தவர்கள் இரண்டு பேரும் பின்னால் போய்த் தொட்டியில் மோதினார்கள். வளையவில்லை, நெளியவில்லை, உருகும்போது மாதிரியே உடையும்போதும் அலுமினியம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உடைந்த இடத்தில் சர்க்கரைக் கட்டியைப் பிட்ட மாதிரி மினுமினுவென்று பொடி. நான் விட்டுவைத்த வெல்டு கோலமாவுக் கோடு அளவுக்கு இருந்தது.

வத்சலா அம்மா கீழே விழுந்த பாதியை எடுத்தார். புடவைத் தலைப்பால் துடைத்தார். அதில் அவர் முகம் தெரிந்தது, எனக்கே தெரிந்தது. பிறகு என்னிடம் நீட்டினார்.

"நல்லாத்தான் பாலிஷ் பண்ணியிருக்கீங்க" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது பதில் பேசியிருப்பேன்.

பிறகு யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. டாக்டர் மிச்சமிருந்த தகட்டில் புதுப் பெடலை வரைந்து அறுத்தார். ஜெசிந்தா துளை போட்டாள். நான் சுவரோரம் நின்றேன். தகடும் குழாயும் தயாரானதும் அவள் என் பக்கம் திரும்பாமல் அலுமினியத்துக்கென்று வைத்திருக்கிற பிரஷ்ஷை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். ஒரே பக்கமாகத் தேய்த்தேன், தின்னரில் துடைத்தேன், துணி வெள்ளையாக வருகிற வரைக்கும் துடைத்தேன். பதினேழு துணி.

அவள் வெல்டு போட்டபோது முகமூடியை எடுத்துப் பார்த்தேன். கேட்காமல்தான் எடுத்தேன். அதே பச்சை இருட்டு. அதே உயிருள்ள சொட்டு. போன மாதம் அழகைப் பார்த்து வாயடைத்து நின்றவன்தான். இன்றைக்கு வேறொன்று பார்த்தேன். அந்தச் சொட்டு இரண்டு துண்டுக்கும் நடுவில் போய் உட்கார்ந்து இரண்டு பேரையும் பிடித்துக்கொள்கிறது. அவள் ஒவ்வொரு தடவையும் ராடைத் தொடும்போதும் ஒரு மனுசியின் எடையை அங்கே வைக்கிறாள். வைத்து, சரியாக இருக்கிறதா என்று பார்த்து, அடுத்ததை வைக்கிறாள். குழாயைச் சுற்றி முழு வட்டம். நான் முக்கால் மணி நேரத்தில் அழித்தது இது.

ஆறின பிறகு வைஸில் கடிக்கவிட்டு மறுபடி இழுத்தோம். இந்தத் தடவை கயிற்றில் நானும். ஐம்பது, அறுபது, தொண்ணூறு என்று வத்சலா அம்மா படித்தார். நூற்றைம்பது. என் உள்ளங்கையில் கயிறு எரிந்தது. இருநூறு, முள் முட்டிக்கொண்டு நின்றது. தராசுக்கு அதற்கு மேல் எண் இல்லை.

பெடல் வாசலில் நிற்கிற ஆள் மாதிரி சும்மா நின்றது.

"மாட்டுங்க" என்றார் வத்சலா அம்மா.

பிப்ரவரி 23, ஞாயிறு

பாஸை என்னிடம் திருப்பிக் கேட்பார்கள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. தெய்வானையிடம் காலையில் எல்லாவற்றையும் சொன்னேன். பல்வலி உட்பட. அவள் தலைவாரிக்கொண்டு, "நானும் வாரேன்" என்றாள். மொபெட்டில் அவள் முருகனைக் கூப்பிட்டது இன்றைக்கு எனக்காக என்று பட்டது.

மைதானத்தில் பதினோரு வண்டி. கல்லூரிப் பையன்கள் கட்டினது, ஒர்க்‌ஷாப்காரர்கள் கட்டினது. எல்லாரும் மூக்குத் தகட்டில் வந்து முகம் பார்த்துவிட்டுப் போனார்கள். "யாரு பாலிஷ்?" என்று ஒருத்தர் டாக்டரைக் கேட்டார். டாக்டர் என்னைக் காட்டுவதற்குள் நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

சோதனை அதிகாரி குனிந்து பெடலைப் பார்த்தார். லைட் அடித்தார். விரலை உள்ளே விட்டு மூலையைத் தடவினார். "யாரு வெல்டு?" என்றார். ஜெசிந்தா கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடத்தில் மாதிரி. தலையை ஆட்டிவிட்டு ஸ்டிக்கர் ஒட்டினார்.

கூட்டம் எல்லாம் புறப்படுகிற இடத்தில் நின்றது. தெய்வானையும் அங்கேதான், வத்சலா அம்மாவின் தொப்பியைப் பிடித்துக் கொடுக்கிற வேலை வாங்கிவிட்டாள். நான் மட்டும் நடந்து நடந்து நேர் ரோடு முடிகிற வளைவுக்குப் போய்க் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டயர் அடுக்கு இருந்தது. அதற்குப் பின்னால் என்ன என்று இன்றைக்குப் பார்த்தேன். சிமெண்டுச் சுவர்.

சத்தம் முதலில் வந்தது. பிறகு தூரத்தில் ஒரு வெயில் துண்டு. அது வண்டியாவதற்குள் பாதி ரோடு வந்துவிட்டது. தகடு முழுக்க வானம். அதற்குள் வெள்ளைத் தொப்பி, எலுமிச்சம்பழம் அளவுக்கு. அறுபது வயது அம்மா! இன்ஜின் கத்தலில் வேலி என் கையில் நடுங்கியது. வளைவுக்கு நூறு மீட்டர் என்று காட்டுகிற பலகை வந்தது. போய்விட்டது. இன்னும் மிதிக்கவில்லை. ஐம்பது பலகை.

தொப்பி முன்னால் சாய்ந்தது.

அத்தனை பெரிய வேகம், அப்படியே மூக்கைத் தரைக்குக் கொடுத்துக் குனிந்தது. டயர் நான்கும் ரோட்டைக் கவ்வின. ஒரு நொடி வண்டி எனக்கு நேராக, பெரிதாக, அதற்குள் வேலி தெரிந்தது, வேலியைப் பிடித்துக்கொண்டு ஒரு கருப்பு ஆள் தெரிந்தான். பிறகு அது ஒன்றுமே நடக்காத மாதிரி மெதுவாகி, திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு போய்விட்டது. ஒரு அம்மாவின் ஒற்றைக் கால், சாண் நீளத் துண்டு, அதன் அடியில் ஒரு விரல் அகல வெல்டு. அதுதான் அவ்வளவையும் நிறுத்தியது.

புழுதி அடங்கினபோது பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்தது. ஜெசிந்தா. நேற்று மதியத்திலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவள். எப்போது வந்தாள் என்று தெரியாது. அவளும் வேலியைப் பிடித்திருந்தாள். ரோட்டைப் பார்த்தபடியே இருந்தாள்.

"மூச்ச உடுங்ணா" என்றாள். "இன்னும் அஞ்சு சுத்து இருக்குது."

விட்டேன். தூரத்தில் மறுபடி சத்தம் கேட்டது. மறுபடி பிடித்துக்கொண்டேன்.